அரிசித்தாள்

அத்தியாயம் பதினொன்று

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வட்டமாக, மங்கலான கண்ணாடிபோல, தட்டினால் உடைகிற மாதிரி விறைப்பாக இருந்தது. எதிரில் நின்ற சின்னவளின் மூக்கு அதன் வழியே கலங்கலாகத் தெரிந்தது.

"இதுதானா அது?"

"இதேதான். இதைக் கேட்டுத்தான் அந்தப் பெரிய கடை வரைக்கும் போனீங்க," என்றாள் சின்னவள்.

அப்பா சிரித்தார். சிரித்தபோது மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் டிகிரி ஒரு பொய்யோடு வீட்டுக்கு வந்தாள் அல்லவா, அந்தப் பொய் இன்று விருந்துக்கு வருகிறது.

இந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மூத்தவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர். வைத்தவர் அப்பா, சுவருக்கு வண்ணம் அடிப்பவர். அம்மா போனபிறகு அடுப்பும் அவர் கைக்கு வந்தது. சின்னவள் பார்லரில் வேலை பார்க்கிறாள். டிகிரிக்கு ஆபீஸ். அந்த ஆபீஸில் அடுத்த மேசைக்காரனுக்கும் அவளுக்கும் ஒத்துப்போய், அவன் தன் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை அழைத்துவருவதாகச் சொன்னான். "உங்கப்பா என்ன பண்றார்?" என்றும் கேட்டான்.

"கான்ட்ராக்டர்," என்று சொல்லிவிட்டாள் டிகிரி. நாக்கு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

அவன் கனமான கண்ணாடி போடுபவன். அதனால் சின்னவள் வாயில் அவன் பெயர் கண்ணாடி. கண்ணாடியின் அம்மாவுக்கு ரைஸ் பேப்பரில், அதாவது அரிசி மாவில் செய்த மெல்லிய தாளில், முட்டையை மடித்து மொறுமொறுவென்று பொரித்த பொட்டலம் என்றால் உயிராம். இதைக் கேட்டவுடன் டிகிரி ஆபீஸிலிருந்தே அப்பாவுக்கு போன் போட்டாள்.

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு எது விளங்கும், எது விளங்காது என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்வார்கள். ரைஸ் பேப்பர் என்றால் அப்பா 'அது என்னம்மா?' என்று கேட்பார். கேட்டால் விளக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது அப்பனுக்குப் பாடம் எடுப்பதா? எனவே அம்மணி மொழிபெயர்த்தாள்.

"வரும்போது அரிசித்தாள் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க. பெரிய கடையில கேளுங்க." பட்டென்று வைத்துவிட்டாள்.

வண்ணம் அடிப்பவர் வீட்டில் தாள் என்றால் ஒரே பொருள்தான்: உப்புத்தாள். சுவரையும் கதவையும் தேய்க்கிற தாள். அதற்கு முதல் நாள்தான் அவள், "வாசக் கதவு சொரசொரன்னு இருக்கு, அவங்க வர்றதுக்குள்ள தேய்ச்சு விடுங்க," என்று முகத்தைச் சுளித்திருந்தாள். கதவுக்காக ஏதோ புதுத் தாள் வந்திருக்கிறது, அரிசிபோல் மணி போட்டது, படித்த பெண் எங்கோ பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கடைவீதியிலேயே பெரிய பெயிண்ட் கடைக்குப் போனார். வெறுங்கையோடு வந்தார்.

"இல்லைன்னுட்டாங்கம்மா," என்று மட்டும் சொன்னார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது சின்னவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பார்லருக்குப் பக்கத்துக் கடையிலிருந்து அவளே வாங்கிவந்தாள்.

"இது அரிசித்தாள். இதோ, வெங்காயத்தாள்," என்று பச்சைக் கட்டையும் மேடையில் போட்டாள். "உப்புத்தாளும் உங்க பையில இருக்கு. மூணு தாளும் வந்தாச்சு. ஆரம்பிங்கப்பா."

முதல் தாளை அப்பா தண்ணீரில் போட்டுவிட்டு முட்டை எடுக்கத் திரும்பினார். அவ்வளவுதான். எடுக்கும்போது அது ஜவ்வாகி விரலோடு வந்தது. உதறினார், மணிக்கட்டுக்குப் போனது. மணிக்கட்டிலிருந்து பிய்த்தார், மறு கைக்குத் தாவியது.

"என்னம்மா இது, போஸ்டர் ஒட்டற பசை மாதிரி!"

"ஊற வெக்கக் கூடாதாம்." சின்னவள் போனைப் பார்த்துப் படித்தாள். "முக்கின உடனே எடுத்துடணும். கையில இருக்கறப்போ விறைப்பா இருக்கும், கிண்ணத்துல போட்டதும் தானா இளகிடும்."

அடுத்ததை அப்படியே செய்தார். சின்னக் கிண்ணத்தில் ஈரத்தாளை விரித்து, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயத்தாள், பச்சை மிளகாய், உப்பு, மிளகுத்தூள். நான்கு ஓரத்தையும் உள்ளே மடித்தார். மடித்த பக்கம் அடியில் போகும்படி எண்ணெயில் கவிழ்த்தார். பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றன. பிரித்தால் மஞ்சள்கரு ஒழுகியது.

"தள்ளித் தள்ளிப் போடணும் போல. பக்கத்துல போட்டா ஒட்டிக்குது. உங்க ரெண்டு பேர் மாதிரி இல்ல," என்றார்.

"இவரு குத்திக் காட்டறதைப் பாரு," என்று சின்னவள் துண்டால் அவர் முதுகில் அடித்தாள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நன்றாக வந்தது. தாள் வெள்ளைக் கொப்புளமாகப் பொங்கி, ஓரம் பொன்னிறமாகி, கரண்டியால் தட்டினால் 'டக்' என்றது. கடித்தால் வெளியே நொறுங்கியது, உள்ளே முட்டை பஞ்சாக இருந்தது.

டிகிரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். பொட்டலத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"அந்த வெள்ளைச் சட்டையப் போட்டுக்கோங்க. நகத்தை இன்னொரு தடவை தேய்ச்சுடுங்க."

"காலையிலயே தின்னர் போட்டுத் தேய்ச்சுட்டேம்மா. அந்த வாடை போக எலுமிச்சங்காய் கூட..."

"நீலம் தெரியுது. இங்க பாருங்க."

அவர் விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"வேலை என்னன்னு கேட்டா கான்ட்ராக்ட்னு சொல்லுங்க. பொய் ஒண்ணும் இல்ல. ஒரு தடவை ஆள் வெச்சு வேலை எடுத்தீங்கல்ல."

"அப்ப நான் யாருக்கா? தோல் டாக்டரா?" என்றாள் சின்னவள்.

"உன்கிட்ட பேசல."

"என்கிட்ட பேச உனக்கு வாய் ஏது? அதான் வாயெல்லாம் கான்ட்ராக்டர் ஆயிடுச்சே."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். சின்னவள் இஸ்திரி போட்ட மடிப்பு கையில் கத்திபோல் நின்றது. அந்தச் சட்டையில் அவர் நன்றாகவே இருந்தார். அதை யாரும் சொல்லவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டு அப்பாதான் முதலில் சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பின்வாங்கி டிகிரியின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா. இந்தம்மாதான் அந்தத் தம்பியோட அம்மாவா?"

"ஆமா. ஏன்?"

"இவங்க கடைக்குத்தான் நான் போனேன்."

டிகிரிக்குப் புரிய ஒரு மூச்சு ஆனது. கண்ணாடி வீட்டில் கடை இருக்கிறது என்று தெரியும். எந்தக் கடை என்று அவள் கேட்டதில்லை. அவள் வீட்டைப் பற்றி அவன் பதிலுக்குக் கேட்டுவிடுவானோ என்ற பயம்.

"உங்கள அடையாளம் தெரியுமா?"

"கல்லாவுல இருந்தாங்க. நல்லாவே பார்த்தாங்கம்மா." கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் இங்கேயே இருந்துக்கறேன். அடுப்பு வேலை இருக்குல்ல. நீ போ, போய்க் கதவைத் தொற."

'வாங்கப்பா, தெரிஞ்சா தெரியட்டும்' என்று அவள் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வர ஒரு நொடி போதும். "கொஞ்ச நேரந்தானேப்பா," என்றாள்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதைவிடக் கேவலமான நிம்மதி இன்னொன்று இருக்க முடியாது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

கடைக்காரம்மா திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அப்படி இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, "கதவு என்ன வழவழன்னு இருக்கு! யாரு தேய்ச்சது?" என்று தடவிப் பார்த்தாள். டிகிரியின் கன்னத்தைத் தட்டினாள். சின்னவளைப் பார்த்து, "என் புருவத்தை ஒரு நாள் நீதான் ஒழுங்கு பண்ணணும், நீ பார்லர்ல இருக்கறதை இவன் சொல்லிக்கிட்டே இருக்கான்," என்று மகனை இடித்தாள். அவன் வெட்கப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்தான்.

"அப்பா எங்கம்மா? கான்ட்ராக்ட் தொழில்னு இவன் சொன்னான். எங்க கடைக்குக்கூட வந்திருப்பாரு."

"சைட்ல அவசர வேலை. காலையிலேயே போயிட்டார். ரொம்ப வருத்தப்பட்டார்." டிகிரியின் வாய் தானாக ஓடியது.

உள்ளே எண்ணெய் சடசடத்தது.

"அப்ப அடுப்படியில யாரு?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். சொல்லித்தான் பாரேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"சமையலுக்கு... ஆள் வந்திருக்கார்," என்றாள் டிகிரி.

சொல்லிவிட்டாள். பெற்றவரை ஆள் ஆக்கிவிட்டாள். வீடு சின்னது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைத்துணி மட்டும்தான். சாதாரணக் குரலில் சொன்னதே அந்தப் பக்கம் கேட்கும்.

சின்னவள் விடுவிடுவென்று உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். அவள் கண் சிவந்திருந்ததை டிகிரி பார்க்காத மாதிரி இருந்தாள்.

கடைக்காரம்மா ஒரு பொட்டலத்தை எடுத்துக் கடித்தாள். நொறுங்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, என்ன பதம்! ரைஸ் பேப்பர்தானே? இதைப் பார்த்ததும் ஒண்ணு ஞாபகம் வருது. அன்னைக்குக் கடைக்கு ஒருத்தர் வந்தாரு..."

"அம்மா, அது எதுக்கு இப்ப," என்றான் கண்ணாடி.

"இருடா. சிரிக்கத்தானே. ஒரு பெயிண்டர். மேலெல்லாம் சுண்ணாம்பு. 'அரிசித்தாள் ஒரு பாக்கெட்'டுங்கறாரு. கடை ஆளு உப்புத்தாளை எடுத்துக் காட்டறான். 'இது இல்லீங்க, அரிசித்தாளு.' விட மாட்டேங்கறாரு. ஒருத்தன், 'பருப்புத்தாள் இருக்கு, தரட்டுமா?'ங்கறான். இன்னொருத்தன், 'ஊற வெச்சிருக்கோம், நாளைக்கு வாங்க'ங்கறான். கடையே சிரிக்குது!"

டிகிரி சிரித்தாள்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. புன்னகையோடு நிறுத்தியிருக்கலாம், தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்திருக்கலாம். பல் தெரியச் சிரித்தாள். பெரிய இடத்து ஆள் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும் என்று ஆபீஸில் பழகிய சிரிப்பு அது.

"அந்த மனுஷர் கோவிச்சுக்கவே இல்லம்மா," கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "கையைக் கட்டிக்கிட்டு என் முன்னாடி நிக்கறாரு. 'நல்லாத் தேடிப் பாருங்கம்மா. என் பொண்ணு படிச்சவ. அவ சொன்னா தப்பா இருக்காது'ங்கறாரு!"

டிகிரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அதை எப்படி இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. காது மடல் எரிந்தது. கழுத்து எரிந்தது. தரையில் பார்க்க ஒன்றும் இல்லாததால் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"படிச்சவங்க சொன்னா தப்பா இருக்குமா?" என்றாள் சின்னவள். தண்ணீர்க் குவளையை அக்கா முன்னால் 'ணங்'கென்று வைத்தாள்.

அடுப்படியில் சத்தமே இல்லை.

"எனக்கு வீட்ல செஞ்சா ஒவ்வொரு தடவையும் வெடிச்சு முட்டை வெளிய வந்துடுது. இவரு எப்படி மடிக்கறாருன்னு பார்த்துக்கறேனே," என்று கடைக்காரம்மா எழுந்தாள். எழுந்தவள் நடந்தும் விட்டாள்.

"இருங்க, புகையா இருக்கும்..." டிகிரி பின்னாலேயே ஓடினாள். கண்ணாடியும் வந்தான்.

வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது.

அப்பா பனியனோடு நின்றிருந்தார். அதன் நெஞ்சில் பழைய மஞ்சள், பச்சைச் சொட்டுகள். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். சமையலுக்கு வந்த ஆள் இஸ்திரிச் சட்டையோடு நின்றால் மகள் சொன்னது பொய்யாகிவிடும் அல்லவா? அவள் பேச்சுக்கு ஏற்ற உடுப்புக்கு அவரே மாறிவிட்டார்.

"வணக்கங்கம்மா."

கடைக்காரம்மா வாயில் கை வைத்தாள். "நீங்க... அன்னைக்குக் கடைக்கு..."

"நானேதாங்க."

"பெயிண்டர்னு நெனச்சேனே?"

"அதுவும் உண்டுங்க. கெடைக்கற வேலையெல்லாம் செய்யறதுதான்."

"இதுக்காகவா அன்னைக்கு அவ்ளோ நேரம் நின்னீங்க? கடவுளே." அவள் முகம் சிவந்தது. கூடத்தில் பேசியதெல்லாம் இங்கே கேட்டிருக்கும் என்று புரிந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க. ஆளுங்க வாய் சும்மா இருக்காது. நானும் சேர்ந்து சிரிச்சேன், இப்பவும் சிரிச்சேன். தப்புங்க. பெரிய தப்பு."

"ஐயய்யோ, அதெல்லாம் எதுக்கும்மா. கேட்டது நானு. வேற யாரா இருந்தாலும் சிரிப்பாங்க."

ஊர் பேர் தெரியாத ஒருத்தி கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறாள். கேட்க வேண்டியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"உங்க பொண்ணு என்ன படிச்சிருக்கா?" கடைக்காரம்மா பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"காலேஜ் முடிச்சிருக்குங்க. ஆபீஸ் வேலை."

"உங்கள நல்லாப் பார்த்துக்கறாளா?"

அப்பா கிண்ணத்தில் தாளை விரித்தார். முட்டையை உடைத்தார். நிமிரவே இல்லை.

"நல்ல பொண்ணுங்கம்மா," என்றார்.

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க கைப்பக்குவம் எனக்குப் பிடிச்சிருக்கு. இவங்க ரெண்டு பேருக்கும் பேசி முடிக்கிற அன்னைக்கு நீங்கதான் வந்து செஞ்சு தரணும்." கடைக்காரம்மா டிகிரியின் தோளை அணைத்துக்கொண்டாள். "என்னம்மா? உங்க அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அப்பா பொட்டலத்தை மடித்தார். ஓரங்களை நிதானமாக உள்ளே திருப்பினார். மகளின் கல்யாணப் பேச்சுக்கு அவரைச் சமையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலையாட்டினார்.

"எத்தனை பேருக்குங்கம்மா?" என்று கேட்டார்.

கேட்டுக்கொண்டே எண்ணெயில் விட்டார். தாளில் தண்ணீர் சரியாக வடியவில்லை போலிருக்கிறது. எண்ணெய் 'சட்'டென்று சீறி மேலே தெறித்தது. அவர் மணிக்கட்டு முழுக்க.

"அப்பா!"

கத்தியது டிகிரி. யோசித்துக் கத்தவில்லை. யோசித்திருந்தால் கத்தியிருக்க மாட்டாள்.

வலித்தாலும் அந்த வார்த்தைதான் வருகிறது, கூப்பிட்டாலும் அந்த வார்த்தைதான் வருகிறது. கடைக்காரம்மா அதை வலியாக எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ, உன் மேலயா பட்டுச்சு? எங்க, காட்டு!"

தவறாக எண்ணியது அவள். திருத்த வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வாயைப் பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை. அவர் குழாயைத் திறந்து கையை நீட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"லேசாத்தாங்க," என்றாள் டிகிரி.

கடைக்காரம்மா அவளுடைய கையை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு காயமும் இல்லாத அந்தக் கையில் 'ஃபூ... ஃபூ' என்று ஊதினாள். அந்தக் காற்று பட்ட இடம் நிஜமாகவே எரிந்தது. குழாயடியில் அவர் கை தக்காளியாகச் சிவந்துகொண்டிருந்தது. யாரும் ஊதவில்லை.

விடைபெறும்போது கடைக்காரம்மாவுக்கு மனம் நிறைந்திருந்தது. "பொண்ணைப் பிடிச்சிருக்கு, வீட்டைப் பிடிச்சிருக்கு. அப்பா வந்ததும் போன் பண்ணச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கண்ணாடி இறங்கவில்லை. வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு குனிந்தபடியே கேட்டான்:

"எங்க பட்டுச்சு உனக்கு?"

"என்ன?"

"எண்ணெய். கத்தினியே."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நான் உன் பக்கத்துலதான் நின்னேன். உன் மேல ஒரு சொட்டு விழல," என்றான். குரல் உயரவில்லை. நிமிர்ந்து நின்று, பதிலுக்குக் காத்திருந்தான்.

"அவர்..." என்று தொடங்கினாள் டிகிரி.

திரை விலகியது. அப்பா ஒரு டப்பாவோடு வந்தார். அதே பனியன். மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது. மகள் முகத்தையும் அவன் முகத்தையும் பார்த்தார். ஏதோ நடக்கிறது என்று புரிந்துகொண்டார். அவசரமாக நடுவில் வந்தார்.

"சார், இதை அம்மாகிட்ட குடுத்துடுங்க. மொறுமொறுப்பு போறதுக்குள்ள சாப்பிடச் சொல்லுங்க, சார்."

அவன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அந்த ஈரத்துணியைப் பார்த்தான்.

"என்னை சார்னு கூப்பிடாதீங்க," என்றான்.

பிறகு டிகிரியின் பக்கம் திரும்பினான்.

"நீயே சொல்லு. நான் இவரை என்னன்னு கூப்பிடணும்?"